பெங்களூரு குதிரை ரேஸில் உள் கேட் (உள் வேலிக்கு அருகில் உள்ள தொடக்கக் கட்டம்) குதிரைகளுக்கே சாதகம் என்கிறார்களே, இரண்டு சீசன் ரிசல்ட்டை வைத்து அதைச் சோதிக்க முடியுமா?

முடியும். ஆனால் கேட் வாரியாக வெற்றிகளை எண்ணி, 1-ஆம் கேட்டுக்கு இத்தனை சதவீதம், 10-ஆம் கேட்டுக்கு இத்தனை சதவீதம் என்று போடும் பட்டியலை நம்ப வேண்டாம். 1-ஆம் கேட்டில் எல்லா ரேஸிலும் ஒரு குதிரை நிற்கும். 10-ஆம் கேட் பெரிய ரேஸ்களில் மட்டுமே வரும். ஆறு குதிரை ஓடினால் எந்தக் குதிரைக்கும் ஆறில் ஒரு வாய்ப்பு; பன்னிரண்டு ஓடினால் பன்னிரண்டில் ஒன்று. அதனால் டிராக்கில் ஒரு சாய்வும் (ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமும்) இல்லாவிட்டாலும் உள் கேட்டின் வெற்றி சதவீதம் கூடுதலாகத்தான் தெரியும். ‘உள் கேட்டுதான் ராசி’ என்ற பேச்சில் பாதி இங்கிருந்து பிறப்பது.

சரியான அளவு இது. குதிரை உள்ளிருந்து எத்தனையாவது என்பதில் ஒன்றைக் கழித்து, ஓடிய குதிரைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். ஆக உள்ளே நிற்பது 0, ஆக வெளியே நிற்பது 1. ரேஸ் புக்கில் அச்சான டிரா எண்ணை (குலுக்கலில் கிடைத்த கேட் எண்ணை) அப்படியே எடுக்காதீர்கள். கடைசி நேரத்தில் விலகிய குதிரைகளை நீக்கிவிட்டு, உண்மையில் ஓடியவற்றை மறுபடி வரிசைப்படுத்துங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் கெட்டுப்போகும் எக்செல் ஷீட்டுகள் ஏராளம்.

இப்போது வென்ற குதிரைகளுக்கு மட்டும் இந்த எண்ணின் சராசரியை எடுங்கள். சாய்வே இல்லையென்றால், ரேஸில் எத்தனை குதிரை ஓடினாலும், எதிர்பார்ப்பு 0.5. பத்துக் குதிரை ரேஸில் இதன் திட்ட விலக்கம் சுமார் 0.32. 200 ரேஸ் இருந்தால் 0.32-ஐ 200-இன் வர்க்கமூலத்தால் (14.1) வகுங்கள், சராசரியின் பிழை 0.023. ஆகவே 0.455-க்கும் 0.545-க்கும் நடுவில் எந்த எண் வந்தாலும் அது தற்செயலாகவே வரக்கூடியது. 0.43 வந்தால் உட்கார்ந்து யோசிக்கலாம்.

சூத்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் கணினியிடம் விடுங்கள். ஒவ்வொரு ரேஸுக்குள்ளும் கேட் எண்களை மட்டும் கலைத்துப் போட்டு, அதே சராசரியைப் பத்தாயிரம் முறை கணக்கிடச் சொல்லுங்கள். உங்கள் உண்மையான எண்ணைவிடத் தீவிரமான எண் எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். கூடவே கேட்டுகளை உள், நடு, வெளி என்று மூன்றாகப் பிரித்தும் ஒரு கை-வர்க்கச் (chi-square) சோதனை போடுங்கள். நடு கேட்டுகள் மட்டும் நன்றாக ஓடினால் சராசரி 0.5-இலேயே நின்று அதை மறைத்துவிடும்.

இந்தக் கணக்கு இவ்வளவு எளிமையாக முடிவதற்குக் காரணம், கேட் குலுக்கலில் கிடைப்பது. நல்ல குதிரை, நல்ல ஜாக்கி என்று பார்த்து யாரும் கேட் கொடுப்பதில்லை. அதனால் குதிரையின் தரத்தைத் தனியாகக் கழிக்காவிட்டாலும் முடிவு ஒரு பக்கம் சாயாது. கழித்தால் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். அதற்கு ரேஸ் தொடங்கும் முன் நின்ற கடைசி பெட்டிங் விலையைப் பயன்படுத்தலாம்: 4-க்கு 1 என்றால் ஐந்தில் ஒன்று, அதாவது 0.20. ஒரு ரேஸில் எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிப் போட்டால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டும். அந்தக் கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் வகுத்துவிடுங்கள். பிறகு ‘ஆர்’ மொழியில் சர்வைவல் தொகுப்பின் கிளாஜிட் (clogit) கட்டளைக்கு வென்றதா இல்லையா, ரேஸ் எண், இந்த விலை வாய்ப்பின் மடக்கை, கேட் எண் நான்கையும் கொடுங்கள். ஆனால் ஒன்று: ஊரறிந்த சாய்வு விலையிலேயே ஏறியிருக்கும். விலையைச் சேர்த்த பிறகு கேட்டின் கெழு (அதன் தாக்கத்தின் அளவு) பூஜ்யமானால், ‘சாய்வு இல்லை’ என்று பொருளல்ல. ‘இருந்தாலும் விலை அதை விழுங்கிவிட்டது’ என்று பொருள். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்து, எதையெல்லாம் ஒன்றாகக் கொட்டக் கூடாது என்பது. வளைவில் ரெயிலை (டிராக்கின் உள் வேலியை) விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரை, அரைவட்டம் முடிக்கும்போது 3.14 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) சுமார் 2.4 மீட்டர் என்றால் அது 1.3 லெங்த் நஷ்டம். இது வடிவியல், நாளுக்கு நாள் மாறாது. ஆனால் ஸ்டார்ட்டிலிருந்து வளைவு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. எனவே 1,200 மீட்டரையும் 1,600 மீட்டரையும் கலக்காதீர்கள். தரையால் வரும் சாய்வு வேறு வகை. பெங்களூருவின் கோடை சீசன் மழையில் ஓடுகிறது, குளிர்கால சீசன் பெரும்பாலும் காய்ந்த தரையில். ரெயிலைச் சில மீட்டர் வெளியே நகர்த்தினால் மிதிபட்ட உள் பட்டை மூடப்பட்டு, அதிகம் மிதிபடாத புல் உள் பாதையாகிவிடும். ஹாங்காங்கில் ரெயில் நிலைகளுக்கு ஏ, பி, சி என்றே பெயர் வைத்து ரேஸ் கார்டில் போடுகிறார்கள். இங்கேயும் ரெயில் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். உங்கள் ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி, பெனட்ரோமீட்டர் (தரை எவ்வளவு மென்மை என்று காட்டும் கருவி) அளவுக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

பிரித்துக்கொண்டே போனாலும் ஆபத்துதான். நான்கு தூரம், மூன்று ரெயில் நிலை, இரண்டு சீசன் என்றால் 24 சோதனை. 5 சதவீத அளவுகோலில் சராசரியாக ஒன்றாவது பொய்யாக ‘கண்டுபிடிப்பு’ காட்டும். முதல் சீசனில் தேடுங்கள், இரண்டாவது சீசனில் சரிபாருங்கள். இரண்டிலும் ஒரே திசையில் வராததைத் தூக்கிப் போடுங்கள்.

ஸ்டாண்டில் ‘இன்னைக்கு ரெயில் பக்கம்தான் ஓடுது’ என்பார்களே, அந்த ஒரு நாள் சாய்வைப் பிடிப்பதுதான் கடினம். எட்டு ரேஸ், எண்பது குதிரை. முடித்த இடத்தையும் இதேபோல 0 முதல் 1 வரை மாற்றி, விலையின்படி எதிர்பார்த்த இடத்தைக் கழித்து, மீதியைக் கேட் எண்ணோடு ஒப்பிட்டால் வரும் சரிவின் (கேட் 0-இலிருந்து 1 ஆகும்போது முடித்த இடம் மாறும் அளவின்) பிழை ஏறக்குறைய 0.1. அதாவது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்துக் குதிரையில் இரண்டு இடம் மாறுமளவுக்குச் சாய்வு இருந்தால்தான் கண்ணில் படும். தோற்ற தூரத்தை வைத்துக் கணக்கிடுபவர்கள் 15 லெங்த்தோடு வெட்டிவிடுங்கள். ஜெயிக்க வழியில்லை என்றானதும் ஜாக்கி குதிரையைத் தளர்த்திவிடுவார், அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

வீடியோவை, முடிவுக்கு 400 மீட்டர் முன்னுள்ள கம்பத்தில் நிறுத்தி, ரெயிலிலிருந்து எத்தனை குதிரை அகலம் என்று எண்ணுவதும் பயனுள்ளதே. ஆனால் கேட்டைப்போல இது குலுக்கலில் வந்ததல்ல, ஜாக்கி தேர்ந்தெடுத்தது. முன்னால் ஓடும் குதிரை ரெயிலைப் பிடிக்கும், பின்னால் வருவது வெளியே சுற்றும். ஆகவே ரெயில் பக்கம் ஜெயித்தது பாதையாலா, முன்னணியில் ஓடியதாலா என்பது தெரியாது. வெளிப் பாதையில் முன்னால் ஓடியவையும், பின்னாலிருந்து ரெயிலோரம் ஏறி வந்தவையும்தான் இதைப் பிரித்துக் காட்டும். அவற்றைத் தனியாகக் குறியுங்கள். மழை நாளில் எல்லா ஜாக்கிகளும் வெளியே நகர்ந்துவிட்டால் கேட் கணக்கு சமமாகத் தெரியும், ஆனால் உள் தரை அன்று மோசம் என்பதை அந்த நகர்வே சொல்லிவிடும்.

கிடைத்த ஒரு நாள் எண்ணை அப்படியே எழுதி வைக்காமல் சுருக்குங்கள். சீசன் முழுக்க நாளுக்கு நாள் உண்மையான சரிவின் விலக்கம் 0.08 என்று வந்தால், அதன் வர்க்கம் 0.0064, அன்றைய பிழையின் வர்க்கம் 0.01. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.39. அன்று 0.20 என்று தெரிந்த சரிவை 0.08 என்றே குறித்துக்கொண்டு, அந்த நாளில் எதிர்க் கேட்டிலிருந்து ஓடித் தோற்ற குதிரைகளுக்கு அடுத்த ரேஸில் அந்த அளவு மட்டும் சலுகை கொடுங்கள்.