ஒரு வீட்டார் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்களா என்று ஸ்மார்ட் மீட்டர் (பாவனையை நேரத்துக்கு நேரம் தானாகக் குறிக்கும் மீட்டர்) தரவில் தெரியுமா?

பாவனை குறைந்தது தெரியும். மிச்சம் பிடித்தார்களா என்பது வேறு கேள்வி. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பில்லும் குறைந்தது. நாங்கள் சிக்கனமாகிவிட்டோமா என்ன?

அதனால்தான் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும். லண்டனில் 5,567 வீடுகளில் அரை மணிக்கொரு தடவை தரவு சேர்த்தார்கள். 2013இல் அவற்றில் சுமார் 1,100 வீடுகளுக்கு மட்டும் நேரத்துக்கு நேரம் மாறும் விலை. அடுத்த நாள் விலையை முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். விலை கூடிய நேரத்தில் யூனிட் 67.2 பென்ஸ், விலை குறைந்த நேரத்தில் 3.99. மற்றவர்களுக்கு எந்நேரமும் ஒரே விலை. குளிரும் விடுமுறையும் இரு பக்கத்துக்கும் பொது என்பதால், வித்தியாசம் விலையால் வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

எங்கள் தொடர்மாடியில் இன்னும் பழைய மீட்டர்தான். ஸ்மார்ட் மீட்டர் தானாகக் குறிப்பதை நான் ஒரு வாரம் டோர்ச்சுடன் கீழே இறங்கிக் கொப்பியில் எழுதினேன். (மூன்றாம் நாள் காவலாளி அண்ணை, "மீட்டரில ஏதும் பிழையோ தம்பி?" என்று கேட்டார்.) இரவு 11 முதல் காலை 5 வரை 2.1 யூனிட். அதாவது எல்லாரும் தூங்கும்போதும் சராசரி 350 வாட்! மூன்று ஃபானுக்கு 210, பிரிட்ஜுக்கு 50, வைஃபை பெட்டிக்கு 10 என்று போட்டும் 80 இடித்தது. தேடினால், ஸ்டோர் அறையில் அம்மாவின் பழைய பிரிட்ஜ். மாதம் 58 யூனிட் அளவில் அதற்கே போகிறது. நானோ அறை அறையாகப் போய் 9 வாட் பல்பை அணைத்துக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்று, பள்ளிக்கூட உடுப்பை இரவு 8 மணிக்குப் பதிலாக விடிய 5 மணிக்கு அயன் பண்ணினால், நேரத்துக்கேற்ற கட்டணம் எடுத்தவர்களுக்குப் பில் இறங்கும். இங்கே உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஆனால் யூனிட் அப்படியேதான்.

சரி, அந்தப் பிரிட்ஜ் ஏன் ஓடுகிறது? எந்த மீட்டரும் சொல்லாது, அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். "சாமிக்கு வைக்கிற பூவை மீனுக்குப் பக்கத்திலயா வைக்கச் சொல்லுறாய்?" என்றார்.

பிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.