திறந்த, தொலை, இணையவழிக் கல்வியில் எந்த ஆய்வைச் சிறந்தது என்று பாராட்ட வேண்டும்?

இப்படி ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், உங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு விருதைத் தொடங்கிவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்ற தலையிடியை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அல்லது உங்கள் முதுமாணி ஆய்வையே எங்காவது அனுப்ப யோசிக்கிறீர்கள். எதுவானாலும் சரி. நான் பேராசிரியை இல்லை. இலங்கையின் வடக்கில், வவுனிக்குளம் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "உனக்கும் விருதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்க நினைப்பவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தத் துறையில் விருதுக்குப் பஞ்சமில்லை. திறந்த, தொலைக் கல்விக்கான சர்வதேசக் கவுன்சில் கொடுக்கிறது. பொதுநலவாய நாடுகளுக்கான கற்றல் அமைப்பு தன் பெரிய மாநாட்டில் கொடுக்கிறது. 1987இல் தொடங்கிய ஆசியத் திறந்த பல்கலைக்கழகங்களின் சங்கம் வருடாந்த மாநாட்டில் சிறந்த கட்டுரைக்குக் கொடுக்கிறது. அமெரிக்காவில் தொலைக்கல்வி முன்னோடி சார்ள்ஸ் வெடமையர் பெயரிலும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லது. உழைத்தவனுக்கு ஒரு கைதட்டு வேண்டும்தானே.

என்னைக் கேட்டால், இடையில் நின்றுபோனவர்களைத் தேடிப்போய் எண்ணிய ஆய்வுக்குக் கொடுங்கள். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்லவேண்டும். கொஞ்சம் நீளும்.

2005இல் நான் தொண்டர் ஆசிரியை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை 2002 போர்நிறுத்தத்தில் திறந்த தைரியத்தில் ஒரு தொலைக்கல்விக் கற்கைநெறியில் பதிந்தேன். எந்த நிறுவனம் என்று வேண்டாம். பாடப் புத்தகங்களைத் தந்துவிடுவார்கள், ஒப்படை எழுதிக் கொடுக்கவேண்டும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் வகுப்பு. விடியப்புறம் வெளிக்கிட்டு, மாங்குளத்தில் பஸ் பிடித்து, முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நின்று, அந்தப் பக்கம் போய் இன்னொரு பஸ். ஒப்படைகளைக் குப்பி விளக்கில்தான் எழுதினேன். ஒன்றின் மூலையில் மண்ணெண்ணெய் ஊறிவிட்டது; "சுத்தமாக எழுதவும்" என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. பரீட்சைக்கு ஐந்து கிழமை இருந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றையும் 2009ஐயும் இங்கே எழுதப்போவதில்லை. மீள்குடியேறிய பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்கப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பதிவேட்டைப் புரட்டி என் பெயருக்கு நேரே விரலை வைத்தார். "இடைவிலகல்" என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் "தனிப்பட்டது".

நான் எங்கே விலகினேன்? பாதைதான் விலகியது. அந்த மனிதர்மேல் குற்றமில்லை, யாரோ எழுதிவைத்ததை வாசித்தார். மறுபடி முதலிலிருந்து பதிந்து 2013இல் முடித்தேன். அந்தப் படிப்பில்தான் மைக்கேல் மூர் என்பவரின் கோட்பாடு வந்தது: தொலைக்கல்வியில் தூரம் என்பது நிலத்தில் அளக்கிற தூரமல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் விழுகிற புரிதல் இடைவெளி. அருமையான சிந்தனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முகமாலையில் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

அப்புறம் 2021. ஏப்ரல் கடைசியில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மறுபடி மூடினார்கள். என் பத்தாம் வகுப்பில் 27 பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் 16 போன், அதிலும் பாதி அப்பாமாருடையது. வகுப்புக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று தினமும் ஒரு கொப்பியில் ஒற்றைச் சொல்லில் எழுதத் தொடங்கினேன். ஆய்வு என்று நினைத்துச் செய்யவில்லை, அதிபர் கேட்டால் காட்டலாம் என்றுதான். "வயல்" என்றால் போன் அப்பாவோடு சிறுபோக வயலுக்குப் போய்விட்டது. "தம்பி" என்றால் அதே போனில் தம்பிக்கும் வகுப்பு. "காசு" என்றால் ரீலோட் இல்லை. "கட்டு" என்றால் பிள்ளை குளக்கட்டில் ஏறி நின்றும் சிக்னல் இல்லை. "யானை" என்றால் பொழுதுபட்டபின் கட்டுக்குப் போக வீட்டில் விடவில்லை. "மாடு" என்றால் மாடு மேய்க்கப் போய்விட்டான். ஒரு பெடியனுக்கு 14 நாள் தொடர்ந்து "மாடு".

அந்த நேரம் ஒரு ஆய்வாளர் என் நம்பரை யாரிடமோ வாங்கிப் பேசினார். எங்கிருந்து என்று சொல்லமாட்டேன். "ரீச்சர், ஒரு கூகுள் ஃபோம் அனுப்புறன், உங்கட குறூப்பில போட்டுவிடுங்கோ. பத்து நிமிச வேலை." போட்டேன். 9 பிள்ளைகள் நிரப்பினார்கள். இணைப்பின் தரம் எப்படி என்ற கேள்விக்கு 7 பேர் "நன்று". ஆகாதா பின்னே? இணைப்பு நன்றாக இருந்தவன்தானே ஃபோமையே திறந்தான்! நான் அவருக்குப் போன் எடுத்துக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன், படம் எடுத்தும் அனுப்பினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "நல்ல விசயம் ரீச்சர், ஆனா இதைத் தரவு எண்டு எடுக்க ஏலாது. நீங்களா வகுத்த காரணங்கள்தானே."

பிறகு அந்தக் கட்டுரை ஓர் ஆய்வரங்கில் சிறந்த கட்டுரை என்று சான்றிதழ் வாங்கியது. கிராமப்புற மாணவரில் பெரும்பான்மையினர் இணையவழிக் கற்றலில் திருப்தி என்பது முடிவு. உதவிக்கு நன்றி என்று என்னையும் பார்க்க அழைத்தார்கள். போனேன், கைதட்டினேன், கட்லட்டும் சாப்பிட்டேன்.

வயிற்றெரிச்சல் என்று எழுதப்போகிறீர்கள். கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 27 பேரை வைத்து உலகத்தைப் பேசமுடியாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆய்வாளர் பொய் எழுதவில்லை, வேறு பாடசாலைகளிலும் நிறையப் பேர் நிரப்பியிருந்தார்கள். இன்னொருவர் கேட்பார், "ஜூலை 12இலிருந்து நீங்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினீர்கள்தானே" என்று. நிறுத்தினோம். சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க ஆசிரியர்கள் நிறுத்தினார்கள், என் கொப்பியும் அன்றோடு நிற்கிறது. அதுவரை என் டேட்டாவுக்கு என் கைக்காசுதான் போனது.

அன்று ஆய்வரங்கு முடிந்து திரும்பியதையும் சொல்லவேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாவிட்டால் எனக்குச் சமிக்காது. மாங்குளச் சந்தியில் மல்லாவிக்குப் போகிற கடைசி பஸ் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னமே போய்விட்டது. ஆள் சேர்ந்துவிட்டதாம். ஆள் சேர்ந்தால் போகலாம் என்றால் நேர அட்டவணை எதற்கு? பையோடு நின்ற இரண்டு கிழவிகள், ஒரு கைக்குழந்தைக்காரி, நான். ஆட்டோக்காரர் கேட்ட காசை நாலாகப் பிரித்துக் கொடுத்தோம். இதைப் பற்றி யாருக்கு முறையிட்டாலும் "பார்க்கிறோம்" என்பார்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இது என் கொப்பியின் பிரச்சினை மட்டும் இல்லை. 1999இல் தோமஸ் ரஸல் 355 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, நேரில் படித்தாலும் தொலைவில் படித்தாலும் பெறுபேற்றில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை என்று புத்தகம் போட்டார். தொலைக்கல்விக்காரர் எல்லோருக்கும் அது பெரிய ஆறுதல். அதே ஆண்டில் ரொனால்ட் பிப்ஸும் ஜேமி மெரிசோட்டிசும், இந்த ஆய்வுகள் தொலைக்கல்வியில் ஏன் கூடுதல் பேர் இடைவிலகுகிறார்கள் என்பதைச் சரியாக விளக்கவில்லை என்று எழுதினார்கள். முடிவுவரை நின்றவனின் புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? பிறகு ஒலாஃப் சவாக்கி-ரிக்டரின் குழு, 2000 முதல் 2008 வரை ஐந்து முக்கிய சஞ்சிகைகளில் வந்த 695 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. பாதிக்கு மேல் மூன்றே விசயம்: கற்போருக்கிடையிலான ஊடாட்டம், பாட வடிவமைப்பு, கற்பவரின் இயல்புகள். எல்லாம் வகுப்புக்குள் வந்துவிட்டவர்களைப் பற்றியது. குளக்கட்டில் நின்றவன் எந்தச் சஞ்சிகையில் வருவான்?

ஆகவே நீங்கள் நடுவராக இருந்தால், கட்டுரையை எடுத்ததும் முடிவுரைக்குப் போகாதீர்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நடுவில் போனவர்களிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்று பாருங்கள். இணையவழிக் கல்வியைப் பற்றிய கருத்தை இணையவழியாக மட்டும் கேட்டிருந்தால் ஒரு புள்ளி குறையுங்கள், இரண்டு குறைத்தாலும் நான் கோபிக்கமாட்டேன். தரவு சேர்த்துக் கொடுத்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். எனக்கு "களத்தில் உதவிய ஆசிரியர்கள்" என்ற பன்மைக்குள் ஓர் இடம் கிடைத்தது.

போன மாதம் மாங்குளத்தில் அதே மாலை பஸ்ஸில் ஏறினேன். காசை நீட்டினால் நடத்துநர் வாங்கவில்லை. "என்னைத் தெரியேல்லையோ ரீச்சர்?" மீசை வைத்திருந்தான், குரலில்தான் பிடித்தேன். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கவில்லையாம். கொரோனா நேரத்துக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, அலுமாரிக்குள் என்றேன்.

"அதில என்ர பேருக்கு நேர என்ன போட்டனீங்கள்?"

"மாடு" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது, அவனும்தான்.