குளிரில் நின்றுபோன நண்பரின் கார்: கேள்வி பதில்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் கார் திருத்துவது என் தொழில். தை, மாசி மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, கார் நின்றவரிடமிருந்து வருவதில்லை. அவருக்கு உதவப் புறப்பட்டவரிடமிருந்தே வருகின்றன. நல்ல மனதோடு ஓடுகிறவர்கள் அவசரத்தில் தங்களையும் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும், உதவப் போகிறவரின் பக்கம் நின்று பதில் சொல்கிறேன்.

கேள்வி (பிரம்டன், கல்லூரி மாணவர்): அண்ணா, என் நண்பனின் கார் கல்லூரி வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறது. திறப்பைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் வருகிறதாம். என் காரின் பற்றரியிலிருந்து அதற்கு மின் கொடுக்கும் கேபிளை எடுத்துக்கொண்டு உடனே போகட்டுமா?

பதில்: போங்கள் தம்பி. ஆனால் முதலில் அவரைக் கட்டடத்துக்குள் போய் நிற்கச் சொல்லுங்கள். காற்றோடு சேர்ந்து உணரப்படும் குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்து காயப்படலாம். முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் பிள்ளைகள் மெல்லிய சப்பாத்தோடு காருக்குக் காவல் நிற்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. காரை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

சத்தத்தைக் கேட்டறிந்தது நல்ல காரியம். வேகமாக அடுத்தடுத்து டக் டக் என்றால் பெரும்பாலும் பற்றரிதான், கேபிள் உதவும். ஒரேயொரு தடித்த சத்தம் கேட்டு அடங்கிவிட்டால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். எஞ்சின் வழக்கம்போல நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பற்றரியில் குறை இல்லை. பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இருந்தால் இழுவை வண்டியை அழைப்பதே வழி. கேபிளோடு போய்ப் பயனில்லை.

கேள்வி (மார்க்கம்): கேபிளை எந்த ஒழுங்கில் கொடுப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கடைசிக் கறுப்பு முனையை நேரே பற்றரியில் கொடுத்தாலும் வேலை செய்கிறதே?

பதில்: வேலை செய்யும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஈய அமிலப் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரலாம், அது தீப்பற்றக்கூடியது. கடைசி முனையைக் கொடுக்கும்போதுதான் சுற்று முழுமையாகி, சிறு பொறி பறக்கும். அந்தப் பொறி பற்றரியின் மேலேயே பறக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அதைத் தள்ளிக் கொடுக்கிறோம்.

ஆகவே, முதலில் சிவப்பு முனையை நின்றுபோன காரின் பற்றரியில் கூட்டல் குறியுள்ள முனையில் கொடுங்கள். மற்றச் சிவப்பை நல்ல காரின் கூட்டல் முனையில். பிறகு கறுப்பை நல்ல காரின் கழித்தல் முனையில். கடைசிக் கறுப்பை நின்றுபோன காரின் எஞ்சினில், வண்ணம் பூசாத வெறும் உலோகத்தில், பற்றரிக்குத் தள்ளிக் கொடுங்கள். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நல்ல காரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, பிறகு மற்றதை முயலுங்கள். கார் கிளம்பிய பின் வந்த வழியே திரும்பி, கடைசியாகக் கொடுத்ததை முதலில் கழற்றுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பற்றரியைக் கண்ணால் பாருங்கள். நன்றாக மின்னேற்றிய பற்றரி இந்த நாட்டுக் குளிரில் உறையாது. முற்றாக வெறுமையான பற்றரியோ மைனஸ் 7, 8 பாகையிலேயே உறைந்துவிடலாம். அதன் பக்கங்கள் வீங்கியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ கேபிளைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். உறைந்த பற்றரிக்கு மின் கொடுத்தால் வெடிக்கலாம். உள்ளே இருப்பது அமிலம். இந்த ஒன்றை மட்டும் யார் கெஞ்சிக் கேட்டாலும் செய்யாதீர்கள்.

கேள்வி (ஏஜக்ஸ்): அண்ணா, நேற்று சிநேகிதியின் காருக்கு நான்தான் மின் கொடுத்தேன். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்திவிட்டாள். இன்று காலை மறுபடியும் அசையவில்லை. நான் ஏதாவது பிழையாகச் செய்தேனா?

பதில்: நீங்கள் செய்தது சரிதான் தங்கச்சி. பத்து நிமிடம்தான் போதவில்லை. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சின் கொடுக்கும் மின்னில் பெரும்பகுதியை விளக்கும் சூடாக்கியும் கண்ணாடிச் சூடேற்றியும் தின்றுவிடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வீதியில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினாலும், அடிவரை இறங்கிய பற்றரி முழுதாக நிரம்பிவிடாது. சுவர் மின்னில் போட்டு மெதுவாக ஏற்றுவதே அதற்கு நல்லது.

பற்றரியின் வயதையும் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள். மைனஸ் 18 பாகையில் நல்ல பற்றரிகூட ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கிறது. அதே நேரம் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போவதால் சுழற்றக் கூடுதல் வலு கேட்கிறது. கோடையில் சமாளித்த கிழட்டுப் பற்றரி தை மாதத்தில் விழுவது இதனால்தான். காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஓடும்போது ஏறத்தாழ 14 காட்ட வேண்டும். ஓடும்போதும் 12இலேயே நின்றால் பற்றரியை மாற்றிப் பயனில்லை. மின் ஏற்றும் ஓல்டர்னேற்றரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மிசிசாகா): என்னுடையது பெற்றோலிலும் மின்னிலும் ஓடும் ஹைபிரிட் கார். அதிலிருந்து நண்பருக்கு மின் கொடுக்கலாமா?

பதில்: காரோடு வந்த கைநூலைப் பாருங்கள், பல நிறுவனங்கள் வேண்டாம் என்றே எழுதியிருக்கின்றன. அதற்குப் பதிலாக, கார் பற்றரிக்கு மின் கொடுக்கும் கையடக்க மின்னூட்டி ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்திருங்கள். காரிலேயே விட்டால் குளிரில் அதுவும் சோர்ந்துவிடும்.

கேள்வி (பிக்கரிங்): தம்பி, என் மகனின் சிநேகிதனுக்கு நெடுஞ்சாலை 401இல் கார் நின்றுவிட்டது. அவன் அம்மாவும் கூட இருந்தார். என் மகன் தன் காரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி உதவி செய்தான். கெட்டிக்காரன் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத்தான் இன்னும் பயம் தெளியவில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. பிள்ளையின் மனது பொன்னானது. ஆனால் இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று என் சார்பிலும் சொல்லுங்கள். பனி வழுக்கும் வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றரில் வரும் லொறிக்கு, ஓரத்தில் நிற்கும் இரண்டாவது காரும் ஒரு இலக்குத்தான். அந்த இடத்தில் கேபிள் பூட்டவோ ரயர் மாற்றவோ கூடாது.

தொலைபேசியில் கூட இருப்பதே அங்கே பெரிய உதவி. ஓடும் நிலை மிச்சமிருந்தால் அடுத்த வெளியேறு வழிவரை காரை நகர்த்தச் சொல்லலாம். முடியாவிட்டால் அபாய விளக்கைப் போட்டு, இருக்கைப் பட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். ஆபத்தான இடமென்றால் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். எந்த வெளியேறு வழிக்குப் பக்கத்தில், எந்தத் திசையில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதைத்தான் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டி. ரொறன்ரோ பெருநகரத்தைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் 2021 முதல் அரசாங்கம் அனுமதித்த இழுவை வண்டிகள் மட்டுமே இழுக்கலாம். 2024இல் இருந்து ஒன்ராறியோ முழுவதும் இத்தொழிலுக்கு மாகாணச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பகுதிகளுக்கு வெளியே, பொலிஸார் உத்தரவிட்டாலொழிய, எந்த வண்டி இழுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதைத் தீர்மானிப்பவர் காரின் சொந்தக்காரர்தான். கட்டணத்தைக் கேட்டறியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். மொழி தடுமாறும் ஒருவருக்காக நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொடுத்தால், அது கேபிளைவிடப் பெரிய உதவி.

கேள்வி (பரி): எங்கள் பக்கத்தில் பனிப்புயல் வந்தால் வீதியே மூடிவிடும். நண்பர் நடுவழியில் சிக்கினால், ஆள் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டில் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிட வேண்டும். பனி குழாயை மூடினால் காபன் மொனொக்சைட் காருக்குள் ஏறும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, தூக்கம், பிறகு நினைவே இருக்காது. சூட்டில் கண்ணயர்ந்தவர் எழும்பாமலே போகலாம். எனவே ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பனி தொடர்ந்து கொட்டினால் ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்க்க வேண்டும். காரை விட்டு நடந்து போக மட்டும் சொல்லாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் பேசுங்கள். பேச்சு குழறினால் உடனே 911.

கேள்வி (வின்னிபெக்): இங்கே தரிப்பிடங்களில் மின்செருகி இருக்கிறது. புதிதாக வந்த நண்பர் ஏன் என்று கேட்கிறார்.

பதில்: எஞ்சினைச் சூடாக்கும் கருவிக்காக. காரின் முன்பக்கத்தில் செருகிக் கம்பி தொங்குகிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துக் கொடுங்கள். மைனஸ் 20 என்றால் புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே செருகினால் போதும். இரவு முழுவதும் தேவையில்லை.

கேள்வி (ஸ்காபரோ): கதவு உறைந்து திறக்கவில்லை. சுடுநீர் ஊற்றவா?

பதில்: வேண்டாம். கண்ணாடி வெடிக்கலாம்; ஊற்றிய நீரும் மறுபடி உறையும். கதவை இழுக்காமல், உள்நோக்கித் தோளால் நன்றாக அழுத்துங்கள். விளிம்பில் பிடித்த பனி உடைந்துவிடும். அப்படியும் அசையாவிட்டால் மற்றப் பக்கக் கதவால் ஏறச் சொல்லுங்கள்.