டுவல் பேண்ட் ரவுட்டர் வாங்கினால் கடைசி அறைக்கு வைஃபை போகுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடியில் இருக்கிறோம். ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரவுட்டரை வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்திவிட்டுப் போனார்கள். ஹோலில் நன்றாக வேலை செய்கிறது. கடைசி அறையில் மகள் ஒன்லைன் வகுப்புக்கு இருந்தால் விட்டு விட்டுத்தான் வருகிறது. டுவல் பேண்ட் ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதையும் கொண்டுபோய் வாசலிலேயே மாட்டுவதென்றால் காசு வீண்.

காரணம் இதுதான். டுவல் பேண்ட் என்றால் ஒரே பெட்டி 2.4 கிகாஹேர்ட்ஸிலும் 5 கிகாஹேர்ட்ஸிலும் சிக்னல் அனுப்பும். 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 நல்ல வேகம், ஆனால் கொங்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். வாசலுக்கும் மகளின் அறைக்கும் நடுவில் இரண்டு மூன்று சுவர்கள், ஒரு குளியலறை, ஓர் இரும்பு அலுமாரி இருந்தால், புது ரவுட்டரின் 5 அந்த அறையை எட்டிப் பார்க்காது. எட்டுவது பழையபடி 2.4 மட்டும்தான்.

அந்த 2.4இல்தான் தொடர்மாடிக்காரர்களுக்குப் பெரிய தலையிடி. போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், மேல்வீடு கீழ்வீடு பக்கத்து வீடு என்று வரிசையாக வரும். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அந்த அலைவரிசையில் 1, 6, 11 என்று மூன்று சனல்கள்தான் உண்டு. முழுக் கட்டடமும் அந்த மூன்றுக்குள் நெரிபடுகிறது. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். ஹோலில் சிக்னல் பலமாக இருப்பதால் நெரிசல் தெரிவதில்லை. கடைசி அறையில் தெரிகிறது.

ஆகவே முதலில் காசு செலவில்லாத வேலை. லப்டொப்பை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கேயே குறைவென்றால் பிரச்சினை வைஃபையில் இல்லை, இணைப்புத் தந்தவர்களுக்கு அழைப்பெடுங்கள். வேகம் சரியென்றால், இருக்கிற ரவுட்டரே டுவல் பேண்டா என்று பாருங்கள். ஃபைபரோடு தரப்படும் பெட்டிகள் பலவற்றில் இது ஏற்கெனவே உண்டு. பட்டியலில் உங்கள் பெயர் இரண்டு முறை வந்து, ஒன்றின் வாலில் 5ஜி என்று இருந்தால் அதுதான். (மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அப்புறம் ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், 2.4இன் சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கி, 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த சனலைத் தெரிவு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போட்டால் எது குறைவு என்று தெரியும். அகலத்தை 40 ஆக்கினால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். தனி வீட்டுக்குச் சரி. தொடர்மாடியில் அது அயலவரின் நெரிசலையும் சேர்த்து வாங்குகிற வேலை.

அதே செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு மகளின் மேசையில் நின்று பாருங்கள். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் அது காட்டும். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட மேல் (மைனஸ் 60, 50) காட்டினால் வீடியோ வகுப்புக்குப் போதும். மைனஸ் 75, 80 என்று இறங்கினால் செட்டிங்ஸ் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, பெட்டியை நகர்த்த வேண்டும்.

ஃபைபர் வயரை நீங்களாக இழுக்க வேண்டாம். மடங்கினால் உடையும். பழைய பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கேட் 6 நெட்வேர்க் கேபிளைச் சுவரோரமாக, கேசிங்குக்குள் விட்டு, அறைகளுக்கு நடுவே உள்ள நடைவழிக்குக் கொண்டுபோங்கள். இந்தக் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும், வீட்டுக்குள் தூரம் ஒரு பொருட்டே இல்லை. புது ரவுட்டரை வைக்க வேண்டிய இடம் அந்த நடைவழிதான். ஆளுயரத்துக்கு மேல், அலுமாரிக்குள்ளும் ரீவிக்குப் பின்னாலும் இல்லாமல். செட்டிங்ஸில் ‘அக்சஸ் பொயின்ட்’ முறைக்கு (பழைய பெட்டியின் இணைப்பை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு நெட்வேர்க் உருவாகி, பிரின்டரும் கமராவும் ஒன்றையொன்று காணாமல் நிற்கும்.

கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக்கில் குத்தி, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீற்றரை வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. சாதாரண ரிப்பீற்றர் வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலைவரிசையைப் பாவிப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். கோடுகள் நிறையக் காட்டும், வகுப்பு மட்டும் நடக்காது. வாடகை வீடு, துளை போட முடியாது என்றால் இரண்டு பெட்டி மெஷ் (தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கலாம். இரண்டாவது பெட்டியை மகளின் அறைக்குள் அல்ல, பாதி வழியில் வையுங்கள்.

வாங்கும்போது, பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் பெட்டிக்கு வெளியே ஏசி1200 என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 2.4இன் 300 எம்பிபிஎஸ் வேகத்தையும் 5இன் 867ஐயும் கூட்டி மேலே ரவுண்ட் பண்ணிய கணக்கு அது. எந்தப் போனுக்கும் 1200 வராது. அதே பெயரில் விற்கும் மலிவான சிலவற்றில் பின்பக்க போர்ட்கள் 100 எம்பிபிஎஸ்தான். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை 5 என்பது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மட்டும் வந்த தரம். வைஃபை 6 இரண்டிலும் வேலை செய்யும், நெரிசலையும் நன்றாகச் சமாளிக்கும். தொடர்மாடிக்கு நான் வைஃபை 6ஐத்தான் சொல்வேன்.

பொருத்திய பின் லப்டொப்பையும் போன்களையும் 5இலும், கமரா, ஸ்மார்ட் பல்ப் போன்றவற்றை 2.4இலும் விடுங்கள். பல கமராக்களுக்கு 5 தெரியவே தெரியாது. மின்வெட்டுக்கு மினி யூபிஎஸ் வைத்திருந்தால் இனி இரண்டு பெட்டிக்கும் அது தேவை; வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் 12 வோல்டா 9 வோல்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.