காலைச் சர்க்கரையும் லெப்டின் பவுடரும்

வயது 46, எடை 94 கிலோ. ராத்திரி எட்டு மணிக்கே இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொண்டாலும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 150-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு மூளையில்தான் என்று சொல்லி ஜிம்மில் ஒருவர் லெப்டின் பவுடருக்கு 7,500 ரூபாய் கேட்கிறாராம். வாங்கலாமா, மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஆனால் மூளைக்குச் சம்பந்தம் இருப்பது நிஜம், அதை வைத்துத்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

நீங்கள் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரையை விடுவது பெரும்பாலும் கல்லீரல். 'போதும், நிறுத்து' என்று இன்சுலின் அதனிடம் நேராகவும் சொல்கிறது, மூளையில் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதியிடம் சொல்லி நரம்பு வழியாகவும் சொல்ல வைக்கிறது. உடல் பருத்தால் இரண்டு இடத்திலும் காது மந்தம். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஆண்களுக்கு, மூளைக்குப் போய்ச் சேரட்டும் என்று மூக்கு வழியாக இன்சுலின் அடித்துப் பார்த்தார்கள். ஒல்லியானவர்களுக்கு உடம்பு இன்சுலினுக்கு நன்றாக வளைந்து கொடுத்தது, பருமனானவர்களுக்கு அது நடக்கவில்லை. போதாததற்கு விடியற்காலையில் சர்க்கரையை ஏற்றிவிடும் கார்டிசால் என்ற ஹார்மோன் வேறு ஏறும். சப்பாத்தி மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

சரி, லெப்டின். உடம்புக் கொழுப்பில் ஊறி, 'சாப்பிட்டது போதும்' என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன், 1994-ல் கண்டுபிடித்தார்கள். 94 கிலோ உள்ளவரிடம் அது ஏற்கெனவே நிறையவே இருக்கும், மூளைதான் சரியாகக் கேட்பதில்லை. அதுவும் அது புரதம், வாயில் போட்டால் பருப்பு மாதிரி செரித்துப் போகும். டப்பாவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. லெப்டின் டெஸ்ட் என்று பேக்கேஜில் சேர்த்துக் காசு பிடுங்கும் லேப்களையும் இதே கணக்கில் வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் காட்டித்தான் ஏமாற்றுவார்கள். மரபணுக் கோளாறால் பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் உண்டு. கைக்குழந்தையிலிருந்தே அடங்காத பசி, மளமளவென்று எடை. அவர்களுக்கு லெப்டின் ஊசி (ஊசிதான், பவுடர் இல்லை) போட்டால் எடை அப்படியே இறங்கும். உலகத்திலேயே மிகச் சிலருக்குத்தான் இது. முப்பது வயதுக்கு மேல் தொப்பை போட்டவருக்கு இது இல்லை, இல்லவே இல்லை.

உங்கள் டாக்டரிடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றிக் கேளுங்கள், சர்க்கரையை விடுகிற கல்லீரலின் கையைத்தான் அது பிடித்து நிறுத்துகிறது. ஏற்கெனவே மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேட்டு அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் காலைச் சர்க்கரை ஏறலாம். எடைதான் பெரிய விஷயம். 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்த 86 சதவீதம் பேர் மருந்தில்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். இதை உங்களிடம் சொல்ல யாருக்கு நேரம்? ஓ.பி.யில் இரண்டு நிமிடம், சீட்டில் 'டயட்' என்று ஒரே சொல், அடுத்த டோக்கன். அந்த இடைவெளியில்தான் பவுடர்க்காரன் நுழைகிறான்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஜி.எஸ்.டி. பில் கேட்டுப் பாருங்கள், அவரே பணத்தைத் திருப்பித் தந்தாலும் தந்துவிடுவார்.