புதைபடிவங்கள் நிறைந்த மலையில், பழைய ஊர்களின் வழியே நடக்க எங்கே போகலாம்?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களை ஒன்றாக எதிர்பார்க்கிறார். மலையில் நடக்க வேண்டும், வழியில் தொல்லுயிர்களின் படிவங்களைப் பார்க்க வேண்டும், இரவில் கூடாரம் போடாமல் பழைய சிற்றூர்களில் தங்க வேண்டும். இவை மூன்றும் ஒரே பாதையில் அமைந்த இடம் எது என்றால், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி என்று தயங்காமல் சொல்வேன். அதிலும் லாங்ஸா, ஹிக்கிம், கோமிக், தேமுல், லாலுங், தங்கர் என்று ஊர் ஊராகப் போகும் பாதை. இன்று இந்த ஊர்களுக்கெல்லாம் ஜீப் போகிறது. ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் காலையில் வண்டி ஏறினால் முதல் மூன்று ஊர்களையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் நடக்கச் சொல்கிறேன். அந்த மண்ணில் பார்க்க வேண்டியவை எல்லாம் காலடியில்தான் கிடக்கின்றன.

முதலில் கல்லைப் பற்றி. இந்திய நிலத்தட்டுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலங்களும் மோதியபோது அந்தக் கடலின் அடிமண் மடிந்து, உயர்ந்து, இமயத்தின் வடசரிவாக நின்றுவிட்டது. ஸ்பிட்டி அந்த அடிமண்தான். மழைமறைவுப் பகுதி என்பதால் காடு இல்லை, மேல்மண்ணும் குறைவு. பாறை அடுக்குகள் திறந்தபடி கிடக்கின்றன. அங்கே ‘பின்’ என்ற பெயருடைய ஆற்றின் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், 50 கோடி ஆண்டுப் பழைய ட்ரைலோபைட்டுகள் (ஓடு மூடிய, கணுக்கணுவான உடல்கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்கள்) கிடைத்த அடுக்குகள் உண்டு. அங்கிருந்து தொடங்கி டைனோசர் காலம்வரை, கடல் எழுதிய கணக்கு ஏறக்குறைய வரிசையாகவே இருக்கிறது.

லாங்ஸா கிட்டத்தட்ட 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே 6,303 மீட்டர் உயரமுள்ள சௌ சௌ காங் நில்டா சிகரம், ஊர் முகப்பில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய புத்தர் சிலை. வருகிறவர்கள் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊருக்குக் கீழே உள்ள ஓடைக்கு இறங்குங்கள். கரை முழுக்கக் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை, கையால் அழுத்தினாலே சில்லு சில்லாக உதிரும். புவியியலாளர்கள் இதைத்தான் ‘ஸ்பிட்டி ஷேல்’ என்கிறார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு. அதன் நடுவே எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை கனமான கரிய உருண்டைகள் கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் பனி உறைந்து உருகும்போது பாறை உதிர்ந்துபோகும், உருண்டைகள் மட்டும் ஓடைக்கு உருண்டு வரும்.

என்னோடு வந்த இளைஞர் ஏற்கெனவே பிளந்து கிடந்த ஓர் உருண்டையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே அம்மோனைட், ஆக்டோபஸின் தூரத்து உறவான, அழிந்துபோன கடல் உயிர். சுருள் சுருளாக உள்நோக்கிப் போகும் ஓடு. அதன் முதுகில் விலா எலும்பு போன்ற வரிகள், ஒவ்வொன்றும் விளிம்பருகே இரண்டாகப் பிரிகின்றன. நடுச்சுழியில் பைரைட் என்ற இரும்புக் கனிமம் படிந்து பொன்னிறத்தில் மின்னியது. விரலால் தடவினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படுகிறது. இவ்வளவு துல்லியமாக எப்படி நின்றது என்றால், செத்த உயிரின் சதை அழுகியபோது நடந்த வேதி மாற்றங்களால் ஓட்டைச் சுற்றிய சேறு சீக்கிரமே இறுகி உருண்டையாகிவிட்டது. பிறகு மேலே எவ்வளவு மண் ஏறியும் உள்ளே இருந்த ஓடு நசுங்கவில்லை. உருண்டைக்கு வெளியே, களிப்பாறையிலேயே சிக்கியவை காகிதம் போலத் தட்டையாகக் கிடப்பதை அதே கரையில் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாரும் விளக்காமலே புரியும். பார்த்து முடித்ததும் அந்த இளைஞர் கல்லை முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தார். வெயிலும் பனியும் நேரடியாகப் பட்டால் முகம் உதிர்ந்துவிடுமாம்.

நம் வீடுகளில் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே வகைக் கல்தான். இதே காலத்துக் கருங்களிப்பாறை இமயத்தின் வடசரிவை ஒட்டிக் கிழக்கே நேபாளம் வரை தொடர்கிறது, அங்கே முக்திநாத் பக்கம் கண்டகி ஆறு அந்த உருண்டைகளைக் கொண்டுவருகிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்னும் திவ்யதேசம் முக்திநாத் என்றே வைணவர்கள் கொள்கிறார்கள். லாங்ஸாவில் ஓடைக்கரையில் நிற்கும்போது எனக்குப் பாட்டியின் பூஜைப்பெட்டி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லை எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். ஊர்க் குழந்தைகள் சிலர் கையில் வைத்துக்கொண்டு விலை சொல்வார்கள், மறுக்க மனம் வராது. ஆனால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட் அறிவியலுக்குப் பாதிப் பயன்கூட இல்லை. ஆளுக்கொன்று எடுத்தால் அந்த ஓடை எத்தனை பருவம் தாங்கும்? குழந்தைகளுக்கு உதவ நினைத்தால் அந்த ஊரில் ஓர் இரவு தங்குங்கள், அந்த வீட்டாரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

லாங்ஸாவிலிருந்து ஹிக்கிம் வழியாகக் கோமிக் வரை சுலபமான நடை. ஹிக்கிமில் 1983 முதல் இயங்கும் அஞ்சலகத்தில் வீட்டுக்கு ஓர் அட்டை எழுதிப் போட்டுவிட்டு ஏறுங்கள். கோமிக்கில் தாங்யுத் என்ற பௌத்த மடம், மண்சுவர்க் கோட்டை மாதிரி நிற்கும். அடுத்த நாள், கோமிக்கிலிருந்து தேமுல் போவது, பாதையிலேயே நீளமான நாள். மேய்ச்சல் வெளியிலேயே மணிக்கணக்காகப் போகும், நிழல் என்ற பேச்சே இல்லை. பரல் என்கிற நீலச் செம்மறிகள் கூட்டமாக மேய்வதைப் பார்க்க நல்ல வாய்ப்புண்டு.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் தேமுல். விருந்தினர் யார் வந்தாலும் வீடுகள் முறை வைத்து ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே இருக்கிறது. பெரிய வீடு, சாலையோர வீடு என்று ஒன்றுக்கே வருமானம் போகாது. நான் தங்கிய வீட்டில் அடுக்களைதான் கூடமும். நடுவில் தகர அடுப்பு, சாண வறட்டி எரிகிறது, அதைச் சுற்றித் தரையில் கம்பளம். வீட்டம்மா உப்புப்போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். “போதும் அம்மா” என்று இந்தியில் சொன்னால், “இந்த உயரத்தில் தண்ணீர்தான் மருந்து, குடி தம்பி” என்று அவரும் இந்தியிலேயே சொல்லி மறுபடி ஊற்றினார். கழிப்பறை மேல்தளத்தில், தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியலும் மண்வெட்டியும். தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத்தான் தள்ள வேண்டும். கீழே சேர்வது வசந்தத்தில் பார்லிக்கும் பட்டாணிக்கும் எருவாகப் போகிறது. முதல் நாள் கூச்சமாக இருக்கும். தண்ணீர் அரிதான மலையில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

தேமுலிலிருந்து லிங்டி ஆற்றுக்குச் செங்குத்தாக இறங்கி, பாலம் கடந்து, எதிர்ச்சரிவில் ஏறினால் லாலுங். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இறக்கத்துக்கு ஊன்றுகோல் கொண்டு போவது நல்லது. லாலுங்கின் சிறிய செர்காங் கோயிலில் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டால் போதும். இருட்டுக்குக் கண் பழகியதும் சுவர்களில் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். பிறகு தங்கர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பிட்டியின் தலைநகர். ஸ்பிட்டி ஆறும் பின் ஆறும் கலக்கும் இடத்துக்கு நேர் மேலே, அரிக்கப்பட்ட மண்கோபுரங்களின் உச்சியில் பழைய மடம் தொற்றிக்கொண்டிருக்கிறது. நின்றிருக்கும் மண்ணே கரைந்துகொண்டிருப்பதால் 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழிவின் விளிம்பில் உள்ள 100 இடங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. உள்ளே ஒரே நேரத்தில் நிறையப் பேர் போகாமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

தங்கரிலிருந்து வண்டி பிடித்து அவசியம் தாபோ போங்கள். 996இல் கட்டிய மடம், தஞ்சைப் பெரிய கோயிலைவிட 14 ஆண்டு மூத்தது. வெளியே வெறும் மண்சுவர், உள்ளே ஓவியங்கள். 1975 நிலநடுக்கத்தில் சேதமடைந்தும் நிற்கிறது.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் உயரத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அங்கே தலைவலி வரும், உடற்பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால் மணாலி வழியாக ஒரே நாளில் குன்சும் கணவாயைத் தாண்டிக் காசாவில் இறங்காதீர்கள். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக, கல்பா, தாபோ என்று தங்கித் தங்கி ஏறுங்கள். காசாவிலும் இரண்டு இரவு இருந்துவிட்டு லாங்ஸா போங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் யோசிக்காமல் கீழே இறங்க வேண்டும், ராத்திரி என்றாலும் சரி. ஜூன் பின்பாதி முதல் செப்டம்பர் வரை நடக்க ஏற்ற காலம். செப்டம்பரில் பார்லி அறுவடை நடக்கும், வானமும் தெளிவாக இருக்கும், நான் அதையே தேர்ந்தெடுப்பேன். பணத்தை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் கின்னௌர் வழி வர ரெக்காங் பியோவிலோ சிம்லாவிலோ அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனமில்லை. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். 1864, 1865 ஆகிய ஆண்டுகளில் ஸ்பிட்டி மலைகளில் நடந்து அடுக்கடுக்காக ஆராய்ந்தார். கண்ட அடுக்குகளுக்கு அங்கங்கே இருந்த சிற்றூர்களின் பெயரையே வைத்தார்: முத், குலிங், லிலாங், கியுமல். அந்தப் பெயர்கள் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குகின்றன. அதே மனிதர், அதே ஆண்டுகளில், கல்கத்தாவில் உட்கார்ந்து நம் திருச்சி, அரியலூர் வட்டாரத்து அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வகைப்படுத்தி, படம் போட்டு, நூலாக வெளியிட்டார். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) உயிரினங்களைப் பற்றிய அவருடைய தொகுதிகள் இல்லாமல் அரியலூரைப் பற்றி இன்றும் யாரும் எழுத முடியாது. 1874இல், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோவில் உயர நோயால் இறந்தார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஸ்பிட்டியை விட வயதில் இளைய அம்மோனைட்டுகள், ஆனால் குடும்பம் ஒன்றே. ஓடு தேய்ந்த இடங்களில் இலை நரம்பு போல வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகளைத் தேடிப் பாருங்கள், உள்ளறைச் சுவர்கள் வெளி ஓட்டோடு சேர்ந்த தடம் அது. சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கொண்டு போனால் நன்றாகத் தெரியும். அதே கண்ணாடியை மறக்காமல் லாங்ஸாவுக்கும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.