பெரியம்மைக் கணக்கும் பால் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நோய்க்கிருமிகளையும் நஞ்சுகளையும் ஆயுதமாக்கும் உயிரிப் பயங்கரவாதத்தைப் பற்றிய கட்டுரையில், அதன் பாதிப்பைக் கணக்கிடும் கணித மாதிரிகளை உருவாக்குவோருக்கும் அறப்பொறுப்பு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். சமன்பாட்டுக்கு நல்லெண்ணமும் இல்லை, தீய எண்ணமும் இல்லை. அதன் விடையைக் கொண்டு என்ன செய்வது என்பது அரசின் பொறுப்பு. இத்தகைய ஆய்வுகளை எதிரியும் படிக்கும்படி வெளியிடலாமா என்பதைத் தவிர வேறு அறச்சிக்கல் எதுவும் இதில் எனக்குத் தென்படவில்லை.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

வெளியிடலாமா என்ற கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். பால் விநியோகத்தில் பொட்டுலினம் என்ற கொடிய பாக்டீரியா நஞ்சு கலக்கப்பட்டால் பாதிப்பு எவ்வளவு பரவும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் வைனும் யிஃபான் லியுவும் கணக்கிட்டு எழுதிய கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று 2005இல் அமெரிக்க சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. அக்கட்டுரையைத் தன் இதழில் வெளியிடவிருந்த அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் சில வாரங்கள் தாமதித்து, அதிகாரிகளோடு பேசிய பின் வெளியிட்டது. அதிலுள்ள தகவல்கள் ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பவை, காப்போருக்கே அவை பயன்படும் என்று கழகத்தின் தலைவர் புரூஸ் ஆல்பர்ட்ஸ் விளக்கினார். முடிவு சரிதான், ஆனால் சிதறிக் கிடக்கும் தகவலும் ஒரே இடத்தில் கோத்து வைத்த தகவலும் ஒன்றல்ல என்பதால், அவருடைய முதல் காரணம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

எனினும், இதைவிடப் பெரிய சிக்கல் இதே வைன் முன்பு ஈடுபட்ட வேறொரு கணக்கில் இருக்கிறது. பெரியம்மை பரப்பப்பட்டால் நகரம் முழுவதற்கும் தடுப்பூசி போடுவதா, அல்லது இந்தியாவில் 1975இல் அந்நோயை ஒழித்த கடைசிக் கட்டத்தில் செய்ததுபோல நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் போடுவதா என்ற கேள்வியை 2002இல் பல குழுக்கள் ஆராய்ந்தன. எட்வர்ட் கப்லான், டேவிட் கிராஃப்ட், வைன் ஆகிய மூவரும், ஒரு கோடிப் பேர் வாழும் நகரில் 1000 பேருக்கு முதலில் தொற்றுவதாகவும், எவரும் எவரையும் சந்திக்கக்கூடும் என்றும், பழகியவர்களைத் தேடிப்பிடிப்பதற்கான ஆள்பலம் வரம்புக்குட்பட்டது என்றும் கொண்டு கணக்கிட்டபோது, எல்லோருக்கும் போடுவதே மேல் என்று வந்தது. எலிசபெத் ஹாலரனும் அவருடைய கூட்டாளிகளும், குடும்பங்களும் பள்ளிகளும் கொண்ட 2000 பேர் சமூகத்தை எடுத்துக்கொண்டு, முன்பு தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் எஞ்சியிருக்கும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தபோது, தேடிப் போடுவதும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. நோய் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. மாறியவை ஊகங்கள் மட்டுமே.

அந்தத் தடுப்பூசி, முதன்முறை போட்டுக்கொள்வோரில் பத்து லட்சத்துக்கு ஓரிருவரைக் கொல்லக்கூடியது. எக்சிமா போன்ற தோல்நோய் உள்ளவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் ஊசிப்புண்ணிலிருந்தும் ஆபத்து உண்டு. ஆகவே, முதலில் தொற்றுவோர் 1000 என்று எழுதுவதா 10 என்று எழுதுவதா என்பது, யாருடைய ஆபத்தை யார்மீது ஏற்றுவது என்ற முடிவின் ஒரு பகுதி. ஊகங்களை எழுதாமல் விடையை மட்டும் தரும் மாணவருக்கு நீங்களே மதிப்பெண் குறைப்பீர்கள் அல்லவா?

தாக்குதல் நடப்பதற்கு முன்பே ஊசி போடுவதா என்ற கேள்வியில் இது இன்னும் கூர்மையாகிறது. சாமுவேல் போசெட்டும் மற்றவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, விடை தாக்குதலின் நிகழ்தகவைப் பொறுத்தது என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த எண்ணை எந்தக் கணினியாலும் தர முடியாது. அதை இட்டு நிரப்பியது, ஈராக்கிடம் பெரியம்மை ஆயுதம் இருக்கலாம் என்ற அன்றைய அச்சம். போருக்குப் பின் அங்கே பெரியம்மை ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. ஏறத்தாழ 5 லட்சம் மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி போடும் திட்டத்தை 2002 டிசம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்தார். போட்டுக்கொண்டவர்கள் 40,000 பேர்கூட இல்லை. சிலருக்கு இதயத் தசையிலும் உறையிலும் அழற்சி கண்டது. ஊசியால் தீங்கு நேர்ந்தால் சம்பளத்துக்கும் சிகிச்சைக்கும் யார் பொறுப்பு என்று செவிலியர்கள் கேட்டார்கள். ஊசி போடத் தொடங்கியது 2003 ஜனவரியில். அவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் ஏப்ரலில்தான் வந்தது.